கிராமத்துப் பப்பின் லைசென்ஸ் வழியே ஒரு குடும்பத்தைத் தேடியது

என் கணவர் வீட்டார் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயர்காரர்கள். பிகில்ஸ்வேட் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். அங்கே இருந்த ஒரு பப்பை "எங்கள் ஆட்கள்தான் நூறு வருடம் நடத்தினார்கள்" என்று மாமியார் சொல்வார். அவருடைய அம்மா பிறந்ததே அந்தப் பப்பின் மாடியறையில்தான். ஆனால் இந்தப் பேச்சை உறவினர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பப்பின் பழைய உரிமதாரர் பட்டியலைப் பார்த்தால், மாமியாருடைய தாத்தாவின் பெயர் முப்பது வருடத்துக்கும் குறைவாகத்தான் வருகிறது. அதற்கு முன்னால் வேறொரு குடும்பப்பெயர். அதற்கும் முன்னால் இன்னொன்று. மூன்று பெயர் என்றால் மூன்று குடும்பம் என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் ஊரில் ஒரு மளிகைக்கடை மூன்று தலைமுறையாக நடக்கிறது என்றால், இப்போது கல்லாவில் இருப்பவர் மகனா, மருமகனா என்றுதான் கேட்போம். அந்தக் கேள்வியோடுதான் இந்த வேலையைத் தொடங்கினேன். இங்கிலாந்தில் பப் நடத்திய முன்னோர் யாருக்காவது இருந்தால், அல்லது என்னைப்போல் அப்படிப்பட்ட வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தால், இந்தக் குறிப்புகள் உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். இந்தக் குடும்பப்பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருப்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை. மூவரையும் அவரவர் தொழிலை வைத்தே அழைக்கிறேன்: கொல்லர், வண்டிக்காரர், தோட்டக்காரர். கிராமத்துப் பப் நடத்தியவர்களில் பெரும்பாலானோருக்குப் பப் மட்டும் சோறு போடவில்லை. பகலில் ஒரு தொழில், சாயங்காலம் பீர். ஊர் ஊராகத் தொழில்காரர்களின் பெயரைப் போடும் பழைய டைரக்டரிகளில் இரண்டையும் சேர்த்தே அச்சடித்திருப்பார்கள்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் வழக்கமாக முதலில் போவது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு. நல்ல ஆவணம்தான், ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்தது. நடுவில் ஒருவர் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, இறந்தும் போயிருப்பார். லைசென்ஸ் அப்படி இல்லை. அந்தக் காலத்தில் அதை ஒரு கட்டிடத்துக்காக ஒரு ஆளின் பெயரில் தந்தார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆள் மாறினால் மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் போய்ப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு கடன் தொல்லை எதுவானாலும் அங்கே ஒரு தேதியாகப் பதிவாகிவிடும்.

இந்தக் காகிதத் தடம் எங்கே இருக்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. 1552-இல் வந்த சட்டப்படி, ஏல்ஹவுஸ், அதாவது அன்றைய மதுக்கடை, நடத்த இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் அனுமதி வேண்டும். ஒழுங்காக நடத்துவேன் என்று பிணைப்பத்திரம் எழுதித்தர வேண்டும். ஜாமீன் நிற்க ஆளும் வேண்டும். 1753-இல் இந்தப் பிணைப்பத்திரங்களை மாவட்ட அளவில் பதிவேடாக வைக்கச் சட்டம் செய்தார்கள். அதனால் 1753 முதல் 1828 வரை பல மாவட்டங்களில் நல்ல பதிவேடுகள் இருக்கின்றன. 1828-இல் வந்த புதுச் சட்டத்தோடு பிணைப்பத்திர முறை போய்விட்டது, பதிவேடும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மறுபடி ஒழுங்கான பதிவேடு கிடைப்பது 1872 சட்டத்துக்குப் பிறகுதான். நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் இடைவெளி. தேடலைக் கைவிடுகிறவர்கள் அதிகமும் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

பழைய பிணைப்பத்திரம் கிடைத்தால் ஜாமீன் நின்றவரின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாதவனுக்காக யாரும் ஜாமீன் நிற்பதில்லை. அவர் மைத்துனராகவோ மாமனாராகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பெட்ஃபோர்ட்ஷயரில் தேடுகிறவருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. இங்கிலாந்தின் முதல் மாவட்ட ஆவணக் காப்பகம் 1913-இல் இங்கேதான் தொடங்கியது. ஜார்ஜ் ஹெர்பர்ட் ஃபௌலர் என்பவர் முன்னின்று உருவாக்கியது. இந்தக் காப்பகத்தார் ஊர் ஊராக வரலாற்றுக் குறிப்புகளை எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பல பப்புகளுக்கு அங்கேயே உரிமதாரர் பட்டியல் இருக்கிறது. நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் பட்டியல் என்பது எலும்புக்கூடுதான். பெயரும் வருடமும் இருக்கும். யாருக்கு யார் என்ன உறவு என்று இருக்காது. அது நம் வேலை.

முதலில் 1820-களின் ஏல்ஹவுஸ் பதிவேட்டில் ஊர்ப்பெயரை எடுத்துப் பார்த்தேன். ஊரில் வேறு பப் இருக்கிறது, எங்களுடையது இல்லை. இது ஏமாற்றம்போலத் தெரியும், ஆனால் உண்மையில் முக்கியமான துப்பு. 1828-க்கு முன் இல்லாத ஒரு கிராமத்துப் பப், 1870-களின் பதிவேட்டில் பீர் மட்டும் விற்கும் கடையாக வருகிறது என்றால், அது 1830 சட்டத்தின் குழந்தை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் கிராமத்துப் பப்பின் கதையே புரியாது. 1830-க்கு முன் மது விற்க மாஜிஸ்திரேட்டின் தயவு வேண்டும். அந்த வருடம் வந்த பீர்ஹவுஸ் சட்டம், ஊருக்கு வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் எக்சைஸ் (கலால் வரி) அலுவலகத்தில் 2 கினி, அதாவது 2 பவுண்டு 2 ஷில்லிங், கட்டிவிட்டுத் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்றது. மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவே வேண்டாம். ஜின், பிராந்தி விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஜின்னிலிருந்து மக்களைப் பீருக்குத் திருப்புவதும் பெரிய பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்துவதும் நோக்கம். அக்டோபரில் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பீர்க்கடைகள் முளைத்தன. கொல்லர், தச்சர், சக்கரம் செய்பவர், சில்லறை வியாபாரி எல்லோரும் முன்னறையில் இரண்டு பெஞ்சைப் போட்டுக் கடை திறந்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பவே 1834-இல் இறுக்கினார்கள்: அங்கேயே உட்கார்ந்து குடிக்க அனுமதிக்கும் கடைக்கு 3 கினி, வாங்கிக்கொண்டு போவதற்கு மட்டும் என்றால் 1 கினி, குடிக்க அனுமதிப்பவர் தன் நன்னடத்தைக்கு ஊரில் வரி கட்டும் ஆறு பேரிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

தேடுகிறவருக்கு இதனால் என்ன கஷ்டம் என்றால், இந்தக் கடைகள் மாஜிஸ்திரேட் பதிவேட்டில் வராது. எக்சைஸ் பக்கத்துக் காகிதங்கள் மிஞ்சியிருப்பதும் அபூர்வம். டைரக்டரியிலும் கடைக்குப் பெயர் இருக்காது. பிகட், வைட், கெல்லி என்று எந்த டைரக்டரியை எடுத்தாலும், முழு லைசென்ஸ் உள்ள பப்புக்குப் பெயர் போடுவார்கள். பீர்க்கடைக்காரருக்கு அவர் பெயரோடு "பீர் சில்லறை விற்பனையாளர்" என்று மட்டும் இருக்கும். எனவே கடையின் பெயரை வைத்துத் தேடினால் எதுவும் அகப்படாது. ஊர்ப்பெயரை எடுத்து, அந்த ஊரில் வரும் எல்லாத் தொழில்காரர்களையும் வரிசையாகப் படிக்க வேண்டும். சின்ன ஊர் என்றால் ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். லெஸ்டர் பல்கலைக்கழகம் பழைய டைரக்டரிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பெட்ஃபோர்ட்ஷயர் பகுதிகளை எல்லாம் இறக்கிக்கொண்டேன்.

அங்கேதான் கொல்லர் கிடைத்தார். "கொல்லர், பீர் விற்பனையாளர்" என்று ஒரே வரியில். எப்போது கடை திறந்தார் என்று பார்க்க, ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பயன்படுத்தினேன். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்துவிட்டது. அதில் தகப்பனின் தொழிலுக்குத் தனி இடம் உண்டு. ஒரே தகப்பனின் பிள்ளைகளை வரிசையாக எடுத்துத் தொழிலை மட்டும் படித்துக்கொண்டே வந்தால், எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பிள்ளைக்கும் நடுவில் கடை வந்தது என்று தெரிந்துவிடும். மூத்த பிள்ளைகளுக்கு வெறும் கொல்லர். 1830-களின் நடுவில் பிறந்த மகளிலிருந்து பீரும் சேர்ந்துகொள்கிறது. அந்த மகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் திரும்ப வருவாள்.

1841 கணக்கெடுப்பில் குடும்பம் முழுதாக இருக்கிறது. ஆனால் அந்த வருடத்தை அதிகம் நம்பக் கூடாது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 49 வயதுக்காரர் 45 ஆகிவிடுவார். உறவுமுறையும் எழுதியிருக்காது. 1851-இல்தான் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் வருகிறது. அந்த 1851 பக்கத்தில் கொல்லரின் மனைவிக்கும் மகளுக்கும் தொழில் என்று லேஸ் பின்னுவதை எழுதியிருக்கிறார்கள். இந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்கு லேஸ் பின்னுவதும் தொப்பிக்காக வைக்கோல் பின்னுவதும் அன்றைய வருமானம். கணவர் உலைக்களத்தில் இருக்கும் பகல் நேரத்தில் கடையைப் பார்த்துக்கொண்டது யார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. உலைக்களம் ஒரு பக்கம், பீர் ஊற்றும் அறை ஒரு பக்கம் என்றால், ஊற்றியது மனைவியும் மகளும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த டைரக்டரியில் கொல்லரின் பெயருக்குப் பதில் "திருமதி" என்று அவருடைய மனைவி. கணவன் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் லைசென்ஸ் அவன் பெயரில்தான். அவன் இறந்த பிறகுதான் அவள் பெயர் அச்சில் வருகிறது. அதுவரை அவள் கடையில் இல்லை என்று அர்த்தமில்லை. புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு அடுத்த நாளே கடையை நடத்த முடியுமா?

இங்கே ஒரு வழிமுறை. பட்டியலில் கணவன் பெயர் மனைவி பெயராக மாறினால், அந்த இரண்டு வருடத்துக்கு நடுவில் சாவைத் தேடுங்கள். இறப்புப் பதிவு 1837 ஜூலை முதல் இருக்கிறது. 1858 முதல் உயில் விவரங்களுக்கு நாடு முழுவதற்குமான ஒரே அட்டவணை இருக்கிறது. அதில் இறந்த தேதி, தொழில், சொத்தின் மதிப்பு, உயிலை நிறைவேற்றுபவர் யார் என்பதெல்லாம் இரண்டு மூன்று வரியில் வந்துவிடும். மனைவி பெயர் வேறொரு ஆண் பெயராக மாறினால் கல்யாணத்தைத் தேடுங்கள். அவளுடைய மறுமணமாக இருக்கலாம். மகளின் கல்யாணமாகவும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் அது மகள். கொல்லரின் மனைவிக்குப் பிறகு வரும் பெயர், பிகில்ஸ்வேட் சந்தைக்குக் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர். கெல்லி டைரக்டரியில் எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போவார் என்றுகூட இருக்கிறது. 1861 கணக்கெடுப்பைத் திறந்தேன். பீர்க்கடை வீட்டில் குடும்பத் தலைவி விதவை. அடுத்த வரியில் மகள், அதற்கடுத்த வரியில் இந்த வண்டிக்காரர், உறவு: மருமகன். வீட்டோடு மாப்பிள்ளை. முதல் இரண்டு குடும்பப்பெயர்களும் ஒரே வீடு என்று அந்த ஒரு பக்கத்தில் தீர்ந்துவிட்டது. மாமியாருக்கு உடனே ஃபோன் போட்டேன்.

ஆனாலும் கல்யாணப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். மணமகள் கொல்லரின் மகள்தான் என்பதை அது உறுதி செய்தது. அந்தப் பத்திரத்தில் இரண்டு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் இருக்கும், தாய்மாருக்கு இடமே இருக்காது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணப் பதிவில் தாயின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்தான். நூற்றியெண்பது வருடத்துக்கு மேல் தாய்கள் இல்லாமலே கல்யாணங்கள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் லைசென்ஸ் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால் அது எனக்குப் பெரிய சொத்தாகத் தெரிகிறது. பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு: பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். வண்டிக்காரரின் பெயரோடு கொல்லரின் பெயரைச் சேர்த்துத் தேடினேன். பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள், குழந்தையிலேயே இறந்துபோன இரண்டு பேர் உட்பட. கணக்கெடுப்பில் அந்த இரண்டு பேரும் இல்லை.

1869-இல் இன்னொரு சட்டம் வந்தது. பீர்க்கடைகளையும் மாஜிஸ்திரேட்டின் கீழ் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த வருடம் மே 1-இல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். குறிப்பிட்ட நாலு காரணங்களில் ஒன்று இல்லாமல் அவற்றின் லைசென்ஸை மறுக்க முடியாது. அதனால் பிற்காலப் பதிவேடுகளில் ஒரு பீர்க்கடை 1869-க்கு முந்தியதா என்பது முக்கியமான விவரம். நம் கடை முந்தியது.

1872-க்குப் பிறகு வேலை சுலபம். பெட்ஃபோர்ட்ஷயரில் 1876-இன் மாவட்டப் பதிவேடு இருக்கிறது. அதில் உரிமதாரர் மட்டுமில்லை, கட்டிடத்தின் சொந்தக்காரர் யார் என்பதும் உண்டு. இந்த இரண்டு பத்திகளையும் பிரித்துப் படிக்க வேண்டும். 1876-இல் நடத்துபவர் வண்டிக்காரர், சொந்தக்காரர் ஒரு பீர் ஆலை. அதாவது நடுவில் எப்போதோ கட்டிடத்தை ஆலைக்கு விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்கு இருந்து, அந்த ஆலையின் பீரையே விற்றிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிராமம் கிராமமாக இது நடந்தது. ஆலை சொந்தக்காரராக இருப்பது தேடுகிறவருக்கு நல்லது, ஆலையின் கணக்குகள் காப்பகத்துக்கு வந்திருந்தால் வாடகை ஏடும் குத்தகை ஒப்பந்தமும் கிடைக்கும். பிகில்ஸ்வேடின் வெல்ஸ் அண்ட் வின்ச் ஆலை 1961-இல் கிரீன் கிங்கோடு சேர்ந்ததுபோல, ஆலைகள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டே வந்திருப்பதால், கடைசியாக யார் கைக்குப் போனது என்று பார்த்துவிட்டுத் தேட வேண்டும்.

வண்டிக்காரர் 1880-களில் இறந்துபோனார். இங்கே பட்டியலில் ஒரு சிக்கல். அவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில், சில மாதங்களுக்கு மட்டும், ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு ஆணின் பெயர். மறுமணமோ என்று கல்யாண அட்டவணையில் தேடினால் எதுவும் இல்லை. விடை செய்தித்தாளில் கிடைத்தது. பெட்ஃபோர்ட்ஷயர் டைம்ஸ் போன்ற உள்ளூர் தாள்களில் மாஜிஸ்திரேட் அமர்வுச் செய்தி வரும். அதில் எந்தப் பப் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். இந்த ஆள் ஆலையின் பிரதிநிதி. உரிமதாரர் திடீரென்று போய்விட்டால் அடுத்த அமர்வுவரை கடை மூடாமல் இருக்கத் தற்காலிக உத்தரவு வாங்குவார்கள். எங்கள் கடைக்கு அதை ஆலையின் ஆளே வாங்கியிருக்கிறார். ஆகவே பட்டியலில் வரும் எல்லாப் பெயரும் உறவாகிவிடாது. ஓரிரு மாதம், ஒரு வருடம் மட்டும் வந்துபோகும் பெயர் என்றால், குடும்பமரத்தில் ஒட்டவைப்பதற்கு முன் செய்தித்தாளைப் பாருங்கள்.

செய்தித்தாளில் தேடும்போது குடும்பப்பெயரை மட்டும் போடாதீர்கள். பழைய அச்சைக் கணினி படிக்கும்போது பெயர்கள்தான் முதலில் சிதைகின்றன. பப்பின் பெயரையும் ஊரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அப்போது லைசென்ஸ் மட்டுமில்லை, வேறு பலவும் வந்து சேரும். அந்தக் காலத்தில் கிராமத்தில் பத்துப் பேர் உட்காரும் பொது அறை என்றால் பெரும்பாலும் அது பப்தான். நில ஏலம் அங்கே, பரஸ்பர உதவிச் சங்கத்தின் கூட்டம் அங்கே, சந்தேக மரணம் நடந்தால் கொரோனர் விசாரணையும் அங்கே. பப்பில் கொரோனர் விசாரணை நடத்துவதைத் தவிர்க்க 1902 சட்டம்தான் வழிசெய்தது. கொல்லர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை நேரத்தில் பீர் விற்றதாக அபராதம் போட்ட செய்தியும் அகப்பட்டது. 1830 சட்டப்படி ஞாயிறு காலை 10 முதல் 1 வரையும், பிற்பகல் 3 முதல் 5 வரையும் கடை மூடியிருக்க வேண்டும். மாமியாருக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். அதை அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.

வண்டிக்காரரின் மனைவி, அதாவது கொல்லரின் மகள், தன் சொந்தப் பெயரில் 1890-கள்வரை கடையை நடத்தினார். சின்னப் பெண்ணாக அந்த வீட்டில் பிறந்து, பீர் ஊற்றி, லேஸ் பின்னி, கல்யாணமும் அங்கேயே முடித்து, கடைசியில் ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாக வாசல் பலகையில் தன் பெயரைப் பார்த்தவர். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

அவருக்குப் பிறகு தோட்டக்காரர். பிகில்ஸ்வேட், சாண்டி பக்கம் முழுக்கக் காய்கறித் தோட்டங்கள். 1850-இல் கிரேட் நார்தர்ன் ரயில்பாதை வந்த பிறகு வெங்காயமும் கேரட்டும் லண்டனுக்குப் போகத் தொடங்கின. இவரும் சில ஏக்கர் வைத்துப் பயிர் செய்தவர். இவர்தான் மாமியாருடைய அம்மாவின் அப்பா. இவருடைய மனைவி யார்? இந்த முறை தேட வேண்டிய இடம் தெரிந்திருந்ததால் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. கல்யாணம் லைசென்ஸ் மாறுவதற்குச் சில வருடங்கள் முன்னால். மணமகள் வண்டிக்காரரின் மகள். மறுபடியும் வீட்டோடு மாப்பிள்ளை.

ஆக மூன்று குடும்பப்பெயர்களும் ஒரே குடும்பம். தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. லைசென்ஸில் மாறிக்கொண்டே இருந்தது மாப்பிள்ளைகளின் பெயர்.

1911 கணக்கெடுப்பு இந்த இடத்தில் அருமையான ஆவணம். முதல்முறையாகக் குடும்பத் தலைவரே கைப்பட நிரப்பிய படிவம் அப்படியே கிடைக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்ற கேள்விகளும் உண்டு. தோட்டக்காரர் தன் மனைவிக்கு நேரே, தொழில் பத்தியில், "வியாபாரத்தில் உதவி" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த அளவாவது எழுதினாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கடை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பெட்ஃபோர்ட்ஷயரில் இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஒன்று 1903-இல் மாவட்டத்தில் எடுத்த லைசென்ஸ் கணக்கு. கட்டிடம் பழுதில்லாமல் இருக்கிறதா, சுத்தமா, முன்பக்கம் எத்தனை கதவு, பின்பக்கம் எத்தனை, அடுத்த பப் எத்தனை கஜம் தள்ளி என்றெல்லாம் குறித்திருக்கிறார்கள். தேவைக்கு அதிகமாகப் பப்புகள் இருக்கின்றன என்று நாடு முழுக்கப் பேச்சு இருந்த நேரம் அது. அடுத்த வருடமே, 1904-இல், அதிகப்படியான பப்புகளை இழப்பீடு கொடுத்து மூடச் சட்டம் வந்தது. இழப்பீட்டுப் பணமும் பப் தொழிலிடமிருந்தே வசூலித்தது. உங்கள் பப் அப்படி மூடியது என்றால் இழப்பீட்டுக் கோப்பைக் கேட்டுப் பாருங்கள். உரிமதாரருக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். எங்கள் பப் தப்பித்துவிட்டது.

இன்னொன்று, 1925-இன் வரி மதிப்பீட்டுச் சட்டத்துக்காக 1927-ஐ ஒட்டி எடுத்த ஏடுகள். மதிப்பீட்டாளர் வீடு வீடாகப் போய் அறைகளை எழுதியிருக்கிறார். எங்கள் பப்புக்கு: பீர் ஊற்றும் அறை, இன்னொரு சின்ன அறை, சமையலறை, நிலவறை, மேலே படுக்கையறைகள், வெளியே பன்றிக்கொட்டில். வியாபாரம் மந்தம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது. மாமியாரின் அம்மா பிறந்த மாடியறை அந்த வரியில் எங்கோ இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் தேடுபவர்களுக்கு இதற்கு இணையானது, 1910 நிதிச் சட்டத்துக்காக நாடு முழுக்க எடுத்த நில மதிப்பீடு. அதன் களக்குறிப்பேடுகள் லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முதலில் வரைபடத்தில் வீட்டின் எண்ணைக் கண்டுபிடித்து, பிறகு அந்த எண்ணுக்கான குறிப்பேட்டைக் கேட்க வேண்டும்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உரிமதாரரின் பெயரையும், என்ன விற்க அனுமதி என்பதையும் வாசலுக்கு மேல் எழுதிவைப்பது அந்தக் காலத்தில் சட்டக் கட்டாயமாக இருந்தது. எனவே வாசல் தெரியும் பழைய போஸ்ட்கார்டு கிடைத்தால் நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உரிமதாரர் பட்டியல் கையில் இருந்தால் படத்தின் காலத்தை அதிலிருந்தே குறுக்கிவிடலாம். மாமியார் வீட்டில் தேதியில்லாத ஒரு படம். வாசலில் கறுப்பு உடையில் ஒரு வயதான பெண், பக்கத்தில் ஒரு நாய். யாரென்று தெரியாது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பலகையைப் பெரிதாக்கியபோது பாதிப் பெயர் தெரிந்தது, வண்டிக்காரரின் குடும்பப்பெயர். அதற்கு முன்னால் இருந்த பெயரெழுத்து அவருடையது இல்லை, அவர் மனைவியுடையது. அப்படியென்றால் படம் அவர் தன் பெயரில் நடத்திய காலத்தது. வாசலில் நிற்பவர் கொல்லரின் மகளாகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டக்காரரின் பெயர் முதல் உலகப்போருக்குப் பின் ஓரிரு வருடத்தில் நின்றுவிடுகிறது. அதன்பின் வருகிறவர்கள் உண்மையிலேயே வெளியாட்கள். அதையும் சோதித்தேன், மருமகன் யாரும் இல்லை. 1830-களிலிருந்து கணக்குப் போட்டால் எண்பத்தைந்து வருடம்போல வருகிறது. மாமியார் சொன்ன நூறுக்குக் கொஞ்சம் குறைவு. அவருக்கு அது போதும்.

அடுத்து, தோட்டக்காரரின் மற்ற மகள்கள் எங்கே போனார்கள் என்று பார்க்கிறேன். 1931 கணக்கெடுப்பு தீயில் அழிந்துவிட்டது, 1941-இல் கணக்கெடுப்பே இல்லை. அதனால் 1939 செப்டம்பர் 29-இல் போருக்காக எடுத்த பதிவேடுதான் துணை. அதில் மனைவிமாருக்குப் பெரும்பாலும் "ஊதியமில்லாத வீட்டுவேலை" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், பப் நடத்திய வீட்டுப் பெண்களுக்கும் அதேதான். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பிற்பாடு தேசிய மருத்துவச் சேவை பல பத்தாண்டுகள் பயன்படுத்தியதால், பெண்கள் கல்யாணம் செய்துகொண்டபோது பழைய குடும்பப்பெயரை அடித்துவிட்டுப் புதுப்பெயரை மேலே எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு மகளின் பெயர் மாறியிருப்பதைப் பார்த்தேன். புதுப்பெயரை 1940-களின் உரிமம் மாற்றச் செய்திகளில் தேடிக்கொண்டிருக்கிறேன், பக்கத்து ஊரில் அதே பெயரில் ஒரு பப் உரிமதாரர் இருக்கிறார்.